தட்டுக் கோல்ஃபும் கல் பொறுக்கிய பையனும்



போன வாரம் நான் போட்ட பழைய போட்டோவைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். சேலையை இழுத்துச் செருகி, மகளுடைய தொப்பியைத் தலையில் வைத்து, கையுறை மாட்டி, நீளக் காம்பு வைத்த ரேக்கைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நிற்கிறேனே, அந்தப் போட்டோ. "டீச்சர், அது எந்த ஊர்த் தோட்டம்?" என்று 1994 செட் பிள்ளை ஒருத்தி. "பெரியம்மா, அமெரிக்கா போயி கூலி வேலையா பாத்தீய?" என்று என் கொழுந்தனார் மகன். கூலி வேலைதான். கூலி மட்டும் கிடையாது. அந்தக் கதையைச் சொல்லுகிறேன். நான் பத்து வரி கேட்டால் நீங்கள் ஆறு வரி எழுதுவீர்கள், நான் ஆறு வரி எழுத உட்கார்ந்தால் அறுபது வரி போகும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பொறுமையாக வாசியுங்கள்.

2023 அக்டோபரில் மகளின் இரண்டாவது பிரசவத்துக்காகக் கலிபோர்னியா போனேன். ஊர் பாசடீனா. பேத்தி பிறந்தாள். பத்தியச் சாப்பாடு, பிள்ளைக்குக் குளிப்பாட்டு என்று முதல் ஒரு மாதம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகு சாயங்காலம் மூத்த பேரனைத் தள்ளுவண்டியில் வைத்து வெளியே கூட்டிப்போவது என் டியூட்டி ஆயிற்று. மருமகன் ஒருநாள் காரில் கொண்டுபோய் ஒரு பூங்காவில் விட்டார். ஹஹமோங்னா என்று பெயர். அந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்த பெயராம். பழைய ஆட்கள் இன்னும் ஓக் குரோவ் என்றுதான் சொல்லுகிறார்கள். ஓக் மரத் தோப்பு. பக்கத்தில் ஒரு ஓடை. அதற்கு ஸ்பானிய மொழியில் பெயரே 'வறண்ட ஓடை'. எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம பக்கிள் ஓடையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது என்ன புதுசா?

தோப்புக்குள் போனதும் ஒரு சத்தம். தேர்ச் சங்கிலியைத் தரையில் போட்டால் வருமே, 'சலார்' என்று, அந்த மாதிரி. திரும்பினால் எங்கள் வண்டிக்கு முன்னால் நாலடி தள்ளி ஒரு ஆரஞ்சு நிறத் தட்டு வந்து விழுந்தது. யார் வீட்டுச் சோற்றுத் தட்டு பறந்து வருகிறது என்று பதறிவிட்டேன். ஒரு பெரியவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டபடி ஓடிவந்தார். எழுபதைத் தாண்டிய வயசு, முழங்காலில் பட்டை. நாங்கள் நின்றது ஆடுகளத்துக்கு நடுவில் என்று அப்புறம்தான் தெரிந்தது.

விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ஃப். கோல்ஃப் போலத்தான், ஆனால் பந்தும் கிடையாது, மட்டையும் கிடையாது. கையால் எறிகிற பிளாஸ்டிக் தட்டு. கடற்கரையில் பிள்ளைகள் எறிந்து பிடிக்கிற ஃபிரிஸ்பியைவிடச் சிறிசு, கனம் அதிகம், ஓரம் சற்றுக் கூர்மை. ஒரு இடத்தில் நின்று எறிய வேண்டும். எங்கே விழுகிறதோ அங்கே போய் நின்று மறுபடி எறிய வேண்டும். கடைசியில் ஒரு இரும்புக் கம்பத்தில் தொங்குகிற சங்கிலிகளில் பட்டு, கீழே இருக்கிற கூடைக்குள் விழ வேண்டும். அந்தச் சங்கிலிச் சத்தம்தான் நான் கேட்டது. இப்படிப் பதினெட்டு கூடைகள். யார் குறைந்த எறியில் முடிக்கிறாரோ அவர் ஜெயித்தார். அவ்வளவுதான். எங்கள் சின்ன வயசில் சில்லாக்கு எறிந்து கட்டம் பிடித்தவர்களுக்கு இது விளங்க அரை நிமிஷம் போதும்.

நான் தற்செயலாகப் போய் நின்ற இடம் லேசுப்பட்ட இடம் இல்லை என்று அந்தப் பெரியவர் சொன்னார். உலகத்தில் இந்த விளையாட்டுக்கென்று நிரந்தரமாக அமைத்த முதல் களம் அதுதான். 1975-ல் அமைத்தவர் எட் ஹெட்ரிக் என்பவர். ஃபிரிஸ்பி தயாரித்த வாம்-ஓ கம்பெனியில் வேலை பார்த்தவர். தட்டின் மேல் வட்ட வட்டமாக வரி வைத்தால் காற்றில் ஆடாமல் போகும் என்று அதைத் திருத்தியவரும் அவரே. முதலில் இங்கே கூடையெல்லாம் கிடையாது, நட்டு வைத்த கம்பங்கள் மட்டும்தான். தட்டு கம்பத்தில் பட்டதா படவில்லையா என்று ஓயாத சண்டை. நம்ம பிள்ளைகள் கபடியில் கோட்டைத் தொட்டானா இல்லையா என்று சட்டையைப் பிடிப்பீர்களே, அது போல. அந்தச் சண்டைக்கு ஒரு முடிவு கட்டத்தான் சங்கிலியும் கூடையும் யோசித்தார். சங்கிலி தட்டின் வேகத்தை வாங்கிக்கொள்ளும், கூடை தாங்கிக்கொள்ளும், பட்டதற்குச் சத்தமே சாட்சி. 1977-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்கப் பதினைந்தாயிரத்துக்கும் மேல் களங்கள் இருக்கின்றன. பெரும்பாலான இடங்களில் விளையாடக் காசு கிடையாது.

ஹெட்ரிக் 2002-ல் காலமானார். அவர் விருப்பப்படி அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கோடு கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாம் திருச்செந்தூர்க் கடலில் கரைக்கிறோம். அந்த மனுசர் காற்றில் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

விளையாட்டு என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. என் கைக்குத் தட்டு நேராகப் போகாது. என்னை இழுத்தது சனிக்கிழமைக் காலை.

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஆறேழு பேர் வருவார்கள். சம்பளம் கிடையாது. கடப்பாரை, மண்வெட்டி, ரேக், ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி எல்லாம் அவரவர் வீட்டிலிருந்து. ஒருத்தர் பல் டாக்டர், ஒருத்தர் குழாய் ரிப்பேர் பார்ப்பவர், கல்லூரியில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அந்தப் பெரியவர். அவர் தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். கோவிலில் உழவாரப்பணி செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானே செய்திருக்கிறேன். ஒரு விளையாட்டுக் களத்துக்கு உழவாரப்பணி செய்கிறவர்களை அங்கேதான் பார்த்தேன். மூன்றாவது சனிக்கிழமை பேரனை மகளிடம் விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். ஆனால் ரேக் பிடிக்க இலக்கணம் தேவையில்லை.

களம் என்றால் கூடையை நட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது கால்வாசி வேலைகூட இல்லை. ஆயிரம் பேர் நடக்க நடக்க மரத்தடி மண் சிமெண்டு மாதிரி இறுகிப்போகும். அந்த ஓக் மரத்துக்கு வேர் மேலாகவே ஓடுகிறது, மண் இறுகினால் மூச்சு முட்டும். அதனால் மரச்சிராய்களைக் கொண்டுவந்து வேர்ப் பகுதியில் நாலு விரல் கனத்துக்குப் பரப்ப வேண்டும், ஆனால் அடிமரத்தில் முட்டக் கூடாது, முட்டினால் அழுகிவிடும். கூடையை ஒரே இடத்தில் வைத்தால் சுற்றியுள்ள தரை தேய்ந்து குழியாகும். அதற்காக ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு மூன்று இடம் தோண்டி வைத்து, அவ்வப்போது மாற்றி, தரைக்கு ஓய்வு கொடுப்பார்கள். சரிவில் மழைத் தண்ணீர் அறுக்கிற இடத்தில் குறுக்கே கட்டை பதிக்க வேண்டும். பாய்சன் ஓக் என்று ஒரு செடி இருக்கிறது. மும்மூன்று இலையாக வரும், தொட்டால் உடம்பெல்லாம் கொப்புளம். முதல் பாடமே அதை அடையாளம் காண்பதுதான். நகராட்சியைக் கேட்காமல் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது. அங்கேயும் அலுவலகம் அலுவலகம்தான், பதில் வர மாதக்கணக்கு ஆகுமாம். அதைக் கேட்டு எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

அந்த ஓடையை ஒட்டித்தான் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகம் இருக்கிறது, செவ்வாய்க்கு வண்டி அனுப்புகிறார்களே, அவர்கள். 1936 அக்டோபர் 31 அன்று சில இளைஞர்கள் அந்த வறண்ட ஓடையில் வைத்து ராக்கெட் எஞ்சின் ஒன்றைச் சோதித்துப் பார்த்ததில் ஆரம்பித்த இடமாம் அது. நான் அங்கே இருந்தபோதே, 2024 பிப்ரவரி 28-ல், நம்ம குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய செய்தி வந்தது. அடுத்த சனிக்கிழமை பெரியவரிடம் போனில் மேப்பைக் காட்டி, "எங்கள் ஊருக்கும் வருகிறது" என்றேன். "அப்படியானால் பக்கத்தில் நல்ல மரமாகப் பார்த்து வைத்துக்கொள்" என்றார்.

இனிமேல் சொல்லப்போவதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம்.

ஒரு சனிக்கிழமை, தட்டு எறிகிற மேடையைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அந்தப் பெரியவர் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சின்னச் சின்னச் சரளைக் கல். ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டார். எறிகிறவர்கள் ஓடிவந்து உடம்பைத் திருப்பி எறிவார்கள், காலடியில் ஒரு கல் உருண்டால் கணுக்கால் போய்விடும் என்று சொன்னார். சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மறுபடி பொறுக்கினார். அவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். வாளியில் கல் விழுகிற சத்தம் கேட்டதும் எனக்கு 1986-ம் வருசம் வந்துவிட்டது.

அந்த வருசம் நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாம் வருசம். கடலோரத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி. பி.டி. மாஸ்டர் கிடையாது, அதனால் ஏழாம் வகுப்புக்கு டிரில் பீரியடும் நான்தான். பள்ளிக்குப் பின்னால் இருந்த தரை முழுக்கச் சரளும் சிப்பி ஓடும். தாமதமாக வருகிற பிள்ளைகளுக்கு நான் வைத்திருந்த தண்டனை, அந்தத் தரையில் ஐம்பது கல் பொறுக்கி ஓரத்தில் போட வேண்டும். பிரம்பைத் தொடாத டீச்சர் என்று எனக்கு நல்ல பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமை வேறு. பயிற்சிப் பள்ளியில் படித்ததைச் சரியாகச் செய்வதாக நினைப்பு.

ஒரு பையன் வாரத்தில் நாலு நாள் தாமதம். பத்து மணிக்கு வருவான். காரணம் கேட்டால் வாய் திறக்க மாட்டான். அசெம்பிளி முடிந்து எல்லாரும் வரிசையாக வகுப்புக்குப் போகும்போது, அவன் எதிர்ப்பக்கமாகத் தரைக்குப் போய்க் குனிவான். ஒரு வருசம் முழுக்க. அவன் எத்தனை ஐம்பது பொறுக்கினான் என்று இப்போது கணக்குப் போட எனக்குத் தைரியமில்லை. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றுவிட்டான். அவன் அம்மா அளத்தில் உப்பு வாருகிறவர். வெயில் ஏறுவதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று விடியக் கருக்கலிலேயே போய்விடுவார்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாததால் இவனும் கூடப் போய் வாரிக் குவித்துவிட்டு, அங்கிருந்து ஓடிவந்து, பத்து மணிக்குப் பள்ளி வாசலில் நின்றிருக்கிறான். இது எனக்குத் தெரிந்தபோது அவன் போய் ஐந்தாறு வருசம் ஆகிவிட்டது. உப்புத் தண்ணீரில் நின்ற கால். பாதம் வெடித்து இருக்கும். அந்தக் காலோடுதான் சரளில் நடக்கவிட்டேன். அவன் காலை நான் ஒரு நாள்கூடப் பார்க்கவில்லை. டீச்சருக்குக் கண் முகத்தில் இருந்தால் போதாது.

அன்றைக்கு வாளியை எடுத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பெரியவர் முழங்கால் வலி என்று நினைத்துக் கைகொடுத்தார்.

அந்த டிசம்பரில் நம்ம ஊருக்கு வெள்ளம் வந்தது. 17, 18 தேதிகள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். உங்களில் பலர் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் இருந்தீர்கள். நான் கிட்டத்தட்டப் பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து போனைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. சனிக்கிழமை போகக் கூடாது என்றுதான் இருந்தேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று மகள்தான் அனுப்பினாள். பெரியவர் செய்தி பார்த்திருந்தார். "உன் வீடு?" என்று மட்டும் கேட்டார். "இடுப்பளவு" என்று கையால் காட்டினேன். வேறொன்றும் பேசவில்லை. அன்று முழுக்கச் சிராய் அள்ளினோம். பிப்ரவரியில் அங்கேயும் பேய்மழை. சரிவெல்லாம் அறுத்துக்கொண்டு போய், நாங்கள் பதித்த கட்டைகள் பள்ளத்தில் கிடந்தன. அவற்றைத் தேடி எடுத்து மறுபடி பதித்தோம். ஒருத்தர்கூட 'ஐயோ, பட்ட பாடு வீண்' என்று சொல்லவில்லை. நான் சொன்னேன், தமிழில்.

2024 ஏப்ரலில் திரும்பி வந்தேன். பெட்டியில் பத்துத் தட்டு. பெரியவர் கொடுத்தது. சென்னை விமான நிலையத்தில் அதிகாரி ஒரு தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "என்னம்மா இது, டிபன் பாக்ஸ் மூடியா?" என்றார்.

அவனைத் தேடிப் போனேன். அவன் என்று எழுதுகிறேன், ஐம்பது வயசு, பேரன் எடுத்துவிட்டான். துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து சட்டையைத் தேடினான். "என்ன டீச்சர் இந்த வெயில்ல? சொல்லி விட்டா நான் வந்திருப்பேம்லா" என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் வீட்டுக்காரி நன்னாரி சர்பத் கொண்டுவந்தாள். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். கல் பொறுக்க வைத்தது தப்பு, காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் செய்தது அதைவிடப் பெரிய தப்பு, மன்னிச்சுக்கோ என்று.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். 'அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர்' என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருக்கிறேன் என்று அந்த நிமிஷம் புரிந்தது. அவன் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கல்லு ஒண்ணும் கனக்கல டீச்சர். எல்லாப் பயலும் பாத்துக்கிட்டே போவாம்லா, அதுதான்" என்றான். அப்புறம் வாசல் வரை வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டான். காசையும் அவனே கொடுத்துவிட்டான்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பதினைந்து நாள் கழித்து அவன் போன் பண்ணினான். "டீச்சர், அமெரிக்காவுல என்னமோ மைதானம் போட்டீயளாம்லா? எங்க தெருப் பயலுவளுக்கு ஒரு எடம் கெடக்கு."

ஊருக்குத் தெற்கே, அளத்துக்குப் போகிற வழியில் அந்த இடம். ஊர்க் கமிட்டிக்குச் சொந்தம். முன்பு வாலிபால் போட்ட தரை. வெள்ளம் வந்து அடித்த சகதி, பிளாஸ்டிக், பாட்டில் துண்டு, அதற்கு மேல் ஆளுயரத்துக்கு உடைமுள். கமிட்டிப் பெரியவர்கள் "டீச்சர் கேட்டா சரிதான்" என்றார்கள். எழுதியும் வாங்கிக்கொண்டேன், அங்கே கற்றது. முதல் ஞாயிறு பதினாலு பேர் வந்தீர்கள். பெயர் போட்டால் விட்டுப்போனவர்கள் கோபிப்பீர்கள் என்பதால் போடவில்லை. முள்ளை வெட்டினால் மட்டும் போதாது, தூரோடு தோண்ட வேண்டும், இல்லையென்றால் ஒரு மழைக்கு மறுபடி நிற்கும். அதைத் தோண்ட மட்டும் ஐந்து ஞாயிறு ஆனது. மம்பட்டி போட்ட இடமெல்லாம் சிப்பி ஓடு. முறையான முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அந்தக் காலத்தில் இங்கேயும் சிப்பி குவித்திருப்பார்கள் என்று கமிட்டியில் ஒரு தாத்தா சொன்னார். முத்து கிடைக்குமா என்று மூன்று பையன்கள் ஒரு முழு நாள் சல்லடை போட்டார்கள். வேலை செய்ததாகவே கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதலில் வாலிபால் தரையைச் சரி செய்தோம். அதில் நான் பிடிவாதமாக இருந்தேன், பிள்ளைகள் கேட்டது அதுதான். மிச்ச இடத்தில் ஆறு கூடை. முதல் யோசனை என்னுடையது, கம்பத்தில் பனை ஓலைக் கடகப்பெட்டி கட்டலாம் என்று. பார்க்க அத்தனை அழகு. ஒரே வாரத்தில் ஆடு தின்றுவிட்டது. பிறகு அவன்தான் பழைய இரும்புக் கடையில் சைக்கிள் ரிம்களும் துண்டுச் சங்கிலிகளும் எடைக்கு வாங்கி வந்தான். என் 1999 செட் பையன் ஒருத்தன் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான், அவன் மேலே ஒரு ரிம், கீழே ஒரு ரிம், நடுவில் சங்கிலி என்று செய்து கொடுத்தான். கூடை விளிம்பு தரையிலிருந்து 82 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி, ஸ்கேல் வைத்து அளந்தேன். பழக்கம் போகுமா? கம்பத்தைச் சும்மா நட்டால் சிப்பி மண்ணில் நிற்கவில்லை, காங்கிரீட் போட வேண்டியதாயிற்று. உப்புக் காற்றில் இரும்பு மூன்று மாதத்தில் பொருக்குத் தட்டியது. இப்போது போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட் அடிக்கிறோம்.

காற்றுதான் எங்களுக்குப் பெரிய வாத்தியார். ஓக் குரோவில் மரம் தடுக்கும். இங்கே கச்சான் காற்று கிளம்பினால் தட்டு கூடையை மறந்து கடலைப் பார்த்துப் போகும். இரண்டு தட்டு முள்ளுக்குள் போய்க் கிடைக்கவேயில்லை. ஒன்று அளத்துப் பாத்தியில் மிதந்து ஒரு அக்கா கொண்டுவந்து கொடுத்தார், கூடவே நல்ல திட்டும் கொடுத்தார். நியாயம்தான். நான் நாலாவது கூடையை நல்ல தூரத்தில் வைக்க ஆசைப்பட்டு, அளத்துக்குப் போகிற ஒற்றையடிப் பாதைக்குக் குறுக்கே எறிகிற மாதிரி குறித்திருந்தேன். ஆட்கள் நடக்கிற பாதைக்கு மேலே எறியக் கூடாது என்பது எனக்குத் தெரியும். காலையில் யார் வரப்போகிறார்கள் என்று விட்டிருந்தேன். அவன் ஒரு கம்பை எடுத்து வந்து என் குறியை அழித்துவிட்டு, பாதைக்கு இந்தப் பக்கமாக வேறு குறி போட்டான். "இதுல கருக்கல்லயே பொம்பளைக போவாக டீச்சர்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பாதையில் யார் நடந்து போனார், யார் பின்னால் ஓடினான் என்று எனக்குத் தெரியும்.

2025 ஜனவரியில் பாசடீனாவுக்குப் பக்கத்து ஊர் அல்டடீனாவைத் தீ அழித்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். 7-ம் தேதி பிடித்த தீ, ஒன்பதாயிரத்துக்கும் மேல் கட்டடங்கள் போயின. மகள் குடும்பம் நடுராத்திரி பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது, பிறகு வீடு திரும்பிவிட்டார்கள். பெரியவர் வீடு அல்டடீனாவில். "உங்கள் வீடு?" என்று நான் மெசேஜ் அனுப்பினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வீடு இல்லை, தட்டுப் பை காரில் இருந்ததால் தப்பித்தது என்று இரண்டே வரி. நம்ம ஆறாவது கூடையின் போட்டோவை அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். தட்டு எறிகிறவர்கள் இப்போது ஐந்தாறு பிள்ளைகள்தான், அதில் மூன்று பேர் பெண்பிள்ளைகள். மற்றவர்களுக்கு வாலிபாலும் கிரிக்கெட்டும். 'டீச்சர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு' என்று சிரிப்பவர்களும் உண்டு, சிரிக்கட்டும். கோவில்பட்டிக்காரர்கள் ஹாக்கியைப் பிடித்துக்கொண்டபோது அதுவும் வெள்ளைக்காரன் விளையாட்டுதானே. எனக்கு வருத்தம் அதில் இல்லை. பதினாலு பேர் வந்த ஞாயிறு இப்போது மூன்று பேர், நாலு பேர் என்று ஆகிவிட்டது. போட்டோ எடுக்கிற வேலை முடிந்துவிட்டது. இனிமேல் இருப்பது கல், முள், துரு. ஐப்பசி மழைக்கு முன்னால் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும், இல்லையென்றால் வாலிபால் தரை மறுபடி சகதிதான்.

போன ஞாயிறு நானும் அவனும் ஒரு காலேஜ் பையனும் மட்டும். நான் எறிமேடைப் பக்கம் உட்கார்ந்து கல் பொறுக்கினேன். "குடுங்க டீச்சர், நீங்க ஏன்?" என்று வாளியைப் பிடித்தான். நான் விடவில்லை. அவனும் விடவில்லை. கடைசியில் எதிரே உட்கார்ந்து அவனும் பொறுக்க ஆரம்பித்தான். பேசிக்கொள்ளவில்லை. வெயில் ஏறியதும் எழுந்தோம். அவன் எண்ணினானா என்று தெரியாது, நான் எண்ணினேன்.

வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாய்க்கால் வேலை. மம்பட்டி இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள், இரண்டுதான் இருக்கிறது. கெட்டியான செருப்புப் போட்டு வாருங்கள், முள் கிடக்கும். டீயும் வடையும் நான் பார்த்துக்கொள்கிறேன். தாமதமாக வருகிறவர்களும் வரலாம். காரணம் கேட்பேன், அவ்வளவுதான்.

உங்கள் டீச்சர்